உனக்குத் திறக்காத கணினி

தம்பி,

ஃபிராங்க்பர்ட்டில் இறங்கியதும் நீ எனக்கு அனுப்பிய முதல் செய்தி, பத்திரமாக வந்து சேர்ந்தோம் என்பதல்ல. "அம்மா, உன் சிஸ்டத்துக்குள்ள போக முடியல. ஆஃப் பண்ணி வச்சிருக்கியா?" என்பதுதான். வந்து சேர்ந்ததை மருமகள் நிவேதாதான் சொன்னாள். "அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் உனக்குப் பதில் போட்டேன். நீ விடவில்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாய். அப்பாவைக் கூப்பிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னாய். கடைசியில், "எவனாவது உள்ள புகுந்துட்டானா?" என்று கேட்டாய். யாரும் புகவில்லை. உன்னைத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். நெடும்பாசேரியில் நீங்கள் விமானம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்த பிறகு, நீ எனக்குப் போட்டுக்கொடுத்த இயங்குதளத்தை முழுவதும் அழித்துவிட்டு, வேறொன்றை நானே போட்டுக்கொண்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதால் கேட்கவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் செய்தி எழுதுகிற பலர், "எந்த லினக்ஸ் போட்டிருக்கீக, நாங்களும் போடலாமா?" என்று என்னைக் கேட்கிறார்கள். எதைப் போட்டேன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அதை ஏன் போட்டேன் என்று சொல்ல இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது. இதில் வரும் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன். ஊர், பயிர், உறவு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பெயரை அவளே கொடுத்தாள். "செல்வின்னு போடுங்கக்கா. எங்க பக்கம் தெருவுக்கு நாலு செல்வி கெடக்கு, தேடட்டும்" என்றாள். உனக்குத் தெரிந்ததையும் வரிசை தவறாமல் சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்காக.

உன் கல்யாணப் பந்தலைப் பிரித்த வாரம் அது. செல்வி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள், அதைக் கணினியில் ஏற்றி வைத்தேன். அவளுடைய திராட்சைத் தோட்டம் ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. விவசாயிகள் தங்கள் நிலத்துக்கு வண்டல் மண் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கண்மாயில் அனுமதி கொடுத்திருந்தார்கள். வண்டல் என்பது மேலாக இருப்பது. அதை வழித்து எடுத்தால் வயலுக்கும் நல்லது, கண்மாய்க்கும் நல்லது. ஆனால் வீடியோவில் இருந்த பொக்லைன் ஓர் ஆள் ஆழத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அடியில் இருந்த களிமண் டிராக்டர் டிராக்டராக வயலுக்குப் போகவில்லை, அடுத்திருந்த செங்கல் காளவாசலுக்குப் போனது. கண்மாயின் அடியைப் பெயர்த்துவிட்டால் தண்ணீர் தங்காது, பக்கத்துக் கிணறுகளும் வற்றும். செல்வியின் கிணற்றில் தண்ணீர் ஏற்கெனவே கீழே போய்க்கொண்டிருந்தது. திராட்சைப் பந்தலுக்குள் மறைந்து நின்று அவள் எடுத்த அந்த வீடியோவின் கடைசியில் நாய் ஒன்று குரைக்கும். அதைத் தொடர்ந்து அவள் குரல்: "ஏலே, சும்மா கெட. பார்த்துருவாக." ஒரே ஒரு வரிதான். அந்தப் பக்கத்தில் யார் கேட்டாலும் அது யார் குரல் என்று சொல்லிவிடுவார்கள்.

அவள் பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்று நீர் மட்டும் போதாததால் அவள் தோட்டத்துக்கு வேறொரு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. அந்தக் குழாய் காளவாசல்காரரின் நிலத்தின் வழியாகத்தான் வருகிறது. அவளுடைய மாமனார் காலத்தில் வாயால் பேசிக்கொண்டது. பத்திரமோ ஒப்பந்தமோ கிடையாது. அவர் ஒரு கடப்பாரையை எடுத்தால் போதும். காய் பிடித்து ஊதிக்கொண்டிருந்த பருவம். தண்ணீர் நின்றால் கொத்து கொத்தாக வெம்பிப் போகும். கணவர் மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். இவ்வளவும் தெரிந்துதான் அவள் அனுப்பினாள். நான் கொடுத்த ஒரே உறுதி, வீடியோ என்னைத் தாண்டிப் போகாது என்பது.

அந்தச் செய்தியை எழுதி முடித்த அன்றைக்குப் பிரிண்டர் நின்றுபோனது. காகிதத்தில் படித்தால்தான் எனக்குப் பிழை கண்ணில் படும் என்பது உனக்குத் தெரியும். வழக்கம்போல் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மாரியைக் கூப்பிட்டேன். மாரி எனக்குத் தம்பி முறை. இந்தக் கணினிக்கு விண்டோஸ் போட்டுக்கொடுத்தவனும் அவன்தான், காசு கொடுத்து வாங்காத பிரதி. "ஸ்க்ரீனை அப்படியே விடுங்கக்கா, இங்கன இருந்தே பார்த்துடுறேன்" என்றான். திரையில் திறந்திருந்த செய்தியின் மேல் அம்புக்குறி தானாக நகர்ந்தது. இங்கே போனது, அங்கே போனது, ஒரு பெட்டியைத் திறந்து மூடியது. பிரிண்டர் கரகரத்துக் காகிதத்தைத் துப்பியது. நல்லா இருப்பா என்று சொல்லிவிட்டு வைத்தேன். உள்ளூரில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. யாருக்கும் இது விசித்திரமாகத் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் நீயும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காளவாசல்காரர் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "நல்லா இருக்கீகளாக்கா? மகன் கல்யாணத்துக்கு வர முடியாமப் போச்சு, மனசுல வச்சுக்காதீக" என்றார். பிறகு, "கண்மாயின் அடிவயிற்றைக் கிழிக்கிறார்கள்னு ஆரம்பிச்சிருக்கீகளாமே? நல்லாத்தான் எழுதுறீக" என்றார். அது என் செய்தியின் முதல் வரி. அச்சாகாத செய்தி. ஆசிரியர் குழுவுக்குக்கூட இன்னும் அனுப்பவில்லை. "வீடியோ ஆதாரம் உள்ளதுன்னு வேற போட்டிருக்கீக. எடுத்த ஆளு யாருன்னு நான் கேக்கல. நீங்க சொல்லவும் மாட்டீக. நானே விசாரிச்சுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். என் கையில் பிசைந்த சோறு காய்ந்துபோகும்வரை நான் எழுந்திருக்கவில்லை. நீ தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தது நினைவிருக்கிறது.

நாம் இரண்டு பேரும் மாரியின் கடைக்குப் போனோம். அவன் வெற்றிலைச் சிவப்போடு சிரித்தான். "என்னக்கா, திரும்பவும் மக்கர் பண்ணுதா? அந்தப் பிரிண்டரை ஆத்துல போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"அது இல்லப்பா. நேத்து என் கம்ப்யூட்டரை நீ பார்த்தப்ப, கடையில யாரு இருந்தாக?"

"யாரு இருந்தா... பட்டா எடுக்க ஒரு ஆளு. ஒரு டீச்சரம்மா. அப்புறம் பில் அடிக்கக் காளவாசல் கணக்கப்பிள்ளை வந்திருந்தாக." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். தனக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பார்த்தான். அதில் உட்கார்ந்தால் அவனுடைய திரை நேர் எதிரே தெரியும். "இந்த ஸ்டூல்லதான்கா உக்காந்திருந்தாக."

நீ குறுக்கே வந்து கேட்டாய். "வெளிய இருந்து உள்ள வர்ற அந்த சாஃப்ட்வேர், எல்லாரு சிஸ்டத்துலயும் போட்டிருக்கீகளா மாமா? எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டா?"

"பின்ன என்ன மாப்ள, ஆளுக்கு ஒண்ணு வச்சா எவன் ஞாபகம் வச்சுக்கிறது? உங்கம்மாவே அவுக பாஸ்வேர்டை மறந்துட்டு என்கிட்டதான் போன் பண்ணிக் கேக்குறாக."

"வீடியோ எதையும் தொறந்தியா மாரி?"

"இல்லக்கா. பிரிண்டரைத் தவிர ஒண்ணத்தையும் தொடல." அவன் முகம் சுருங்கிவிட்டது. "என்னையச் சந்தேகப்படுறீகளாக்கா? உங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன வந்தவன் நான்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, உறுதி செய்வது வேறு. என் தொழிலில் அந்த வித்தியாசத்துக்காகத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்து நீ அந்த மென்பொருளின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தாய். "எப்பெல்லாம் உள்ள வந்தாருன்னு இருக்கும்மா. உள்ள வந்து என்ன பார்த்தாருன்னு இல்ல" என்றாய். அதன் பொருள், கணக்கப்பிள்ளை செய்தியை மட்டும் படித்தாரா, செல்வியின் குரலையும் கேட்டாரா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது என்பதுதான்.

அதற்குப் பிறகு நீ செய்தது எல்லாமே சரி. இணைப்பைப் பிடுங்கினாய். என் பழைய செய்திகளைத் தனி வட்டில் ஏற்றி எடுத்து வைத்தாய். இனி விண்டோஸ் பிரதியும் வேண்டாம், மாரியும் வேண்டாம், திறந்த மூல லினக்ஸ் வகைகளில் உனக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள் என்று சொல்லி, பென் டிரைவ்களை வரிசையாகச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாய். ஒவ்வொன்றையும் செருகி, கணினியில் பதியாமலேயே ஓட்டிக் காட்டினாய். மின்ட் என்றாய், உபுண்டு என்றாய், ஃபெடோரா என்றாய், டெபியன் என்றாய். உன் அப்பா பேப்பரை மடக்கிவிட்டு, "பேரப்பிள்ளைக்கு வைக்கவே இம்புட்டுப் பேரு யோசிக்க மாட்டாக. ஒரு பொட்டிக்கு எதுக்குடா?" என்றார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

நான் கேட்டதெல்லாம் இரண்டு. நான் கற்றது தட்டச்சு நிலையத்து விசைப்பலகை. இந்த விரல்களுக்கு வேறு அமைப்பு இனி வராது, அது வேண்டும். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமல் இருக்க வேண்டும். இரண்டும் நீ காட்டிய எல்லாவற்றிலும் இருந்தன. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எப்படி எழுதினார்கள் என்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்கிறாயே, அப்படிப்பட்ட ஒன்று எப்படிப் பூட்டைக் காக்கும் என்று கேட்டேன். நீ ஜன்னல் வழியாக வாய்க்காலைக் காட்டினாய். "மடை எப்படி வேலை செய்யுதுன்னு ஆயக்கட்டுல எல்லாருக்கும் தெரியும்தானம்மா? அதனாலதான் எங்க ஒழுகுதுன்னு உடனே கண்டுபிடிக்கிறாக. ஆனா ஷட்டரைத் திருகுற சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கும்." நான் இத்தனை வருடம் கேட்ட விளக்கங்களில் அதுபோல் தெளிவானவை குறைவு. நீ என் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் கடைசியில் மேஜையில் இருந்த எதையும் நீ போடவில்லை. நீ உன் கணினியில் வைத்திருக்கும் ஆர்ச்சைத்தான் எனக்கும் போட்டாய். புதியது வர வர ஏற்றிக்கொண்டே இருக்கும் ரகம், அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாய். யார் பார்ப்பது என்று கேட்டேன். "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. அங்கன இருந்தே வாரா வாரம் உள்ள வந்து நானே எல்லாத்தையும் பார்த்துக்கிறேன்." சொல்லும்போது உன் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்துவிட்டு நான் தலையாட்டினேன். இவ்வளவு தூரம் போகிற பிள்ளை, வாரம் ஒருமுறை வீட்டுக்குள் வந்து போக ஒரு வாசல் வைத்துக்கொள்கிறான் என்றுதான் நினைத்தேன்.

இனி வருவது உனக்குத் தெரியாது. நீயும் நிவேதாவும் குச்சனூர் கோவிலுக்குப் போன அன்று, நான் செல்வியின் தோட்டத்துக்குப் போனேன். நடந்ததை அவளிடம் சொல்லியாக வேண்டும். பேருந்தில் போகும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அதற்குள் அவளே ஒன்று சொன்னாள். "நேத்து காளவாசல்காரர் வந்து வரப்புல நின்னாகக்கா. 'குழாய் எப்படிம்மா இருக்கு, தண்ணி ஒழுங்கா வருதா'ன்னு கேட்டாக. நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து ஒருநாளும் கேட்டதில்ல." பந்தலின் கீழே குனிந்து நின்றபடி கொத்துகளில் உதிரிக் காய்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் மாரி, கணக்கப்பிள்ளை, ஸ்டூல் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவைத் திறக்கவில்லை என்று மாரி சொல்கிறான், என்னால் உறுதி செய்ய முடியவில்லை என்றும் சொன்னேன்.

அவள் கத்தரியை மடக்கிவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப அவுகளுக்குத் தெரியும்னும் சொல்ல முடியாது, தெரியாதுன்னும் சொல்ல முடியாது."

"ஆமாம்."

"நல்லா இருக்கு போங்க. தெரிஞ்சிருந்தாலாவது இன்னிக்கே வெட்டிவிட்டுருவாக, நானும் அழுது முடிச்சிருவேன். இப்ப தினம் மோட்டாரைப் போட்டுட்டு வாய்க்கால் வாயில நின்னு பார்க்கணும், தண்ணி வருதான்னு." பிறகு கேட்டாள். "இப்ப அந்தப் பொட்டி யாருக்கெல்லாம் தொறக்கும்?"

"எல்லாத்தையும் மாத்தியாச்சு. எனக்குத் திறக்கும். அப்புறம் என் மகனுக்கு. அவன்தான் வெளிநாட்டுல இருந்து பார்த்துக்கப்போறான்."

"உங்க மகனை எனக்குத் தெரியாதேக்கா" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். நீ யார், என்ன படித்தாய், எப்படிப்பட்ட பிள்ளை என்று சொல்லத்தான் திறந்தேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. "தப்பா எடுத்துக்காதீக. தங்கமான பிள்ளையாத்தான் இருக்கும். மாரியும் உங்களுக்குத் தங்கமான தம்பிதான? நான் உங்ககிட்ட மட்டும்தான் குடுத்தேன்." பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, அந்த வீடியோ உங்களைத் தவிர ஒருத்தருக்கும் தொறக்கக் கூடாது. அப்படி முடியலேன்னா அழிச்சுருங்க, செய்தியே வேண்டாம். குழி தோண்டுற வரைக்கும் தோண்டட்டும்" என்றாள். கோபமாகத்தான் இருந்தாள், அவள் கோபத்துக்கு நியாயம் இருந்தது.

திரும்பும்போது கண்மாய்க் கரையில் நின்று பார்த்தேன். பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி என் கையில் இருக்கிறது, அதை நிறுத்தி வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் குழி இன்னும் கீழே போகிறது. செய்தி ஆசிரியர் தினமும் கேட்கிறார். வெளியிட்டால் அவர்கள் எடுத்தவரைத் தேடுவார்கள். தேடும்போது என் கணினிதான் முதல் இடம். நீ வைத்த பூட்டு வலுவானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு இன்னொரு சாவி, நான் பார்த்தறியாத ஓர் ஊரில், நீ வேலைக்கும் கடைக்கும் தூக்கிக்கொண்டு அலையப்போகும் ஒரு மடிக்கணினியில் இருக்கப்போகிறது. அதை நீ எங்கே வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போவாய் என்பது எனக்குத் தெரியாது. செல்விக்கு உன்னையே தெரியாது.

அன்று மாலை உன்னிடம் பேசிப் பார்த்தேன். நானே பார்த்துக்கொள்ளும்படி வேறு ஒன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். "உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடுவ? என்னைய நம்பலையா?" என்று சிரித்தாய். சிரிப்புதான், ஆனால் மாரி கேட்டதும் அதே கேள்விதான். ஊருக்குப் போகிற பிள்ளையிடம், உன் அன்பு வழியாக ஒரு பெண்ணின் குழாய் உடையலாம் என்று எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றிவிட்டேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளிடம் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டிருக்கிறேன். அன்று கேட்க வரவில்லை.

நீங்கள் குமுளி வழியாகப் புறப்பட்டீர்கள். அப்பா விமான நிலையம் வரை உங்களோடு வந்தார். நான் வீட்டில் தனியாக இருந்தேன். நீ மேஜை இழுப்பறையில் விட்டுப்போன பென் டிரைவ்களை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடியும் ஓட்டினேன். இந்த முறை, எது அழகு, எது வேகம் என்று பார்க்கவில்லை. நீ இல்லாமல் எதை என்னால் நடத்த முடியும் என்று பார்த்தேன். மின்ட் கையோடு பழகியது. உபுண்டு கண்ணுக்குப் பழகியது. டெபியனின் நிறுவும் பக்கம் வந்தபோது, மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. அதைத் தொட்டேன். அடுத்த பக்கத்திலிருந்து எல்லாக் கேள்விகளும் தமிழில் வந்தன. சில சொற்கள் கடினம்தான், நம் ஆசிரியர் குழுவில் கொடுத்தால் பாதியைத் திருத்துவார்கள். ஆனால் கேள்வி புரிந்தது. எனக்குப் புரிகிற கேள்விக்குத்தான் நான் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியும். இது ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாமல் இருக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும் என்று மேஜையில் நீயே சொல்லியிருந்தாய். உனக்கு அது சலிப்பு என்றாய். எனக்கு அதுதான் வேண்டும்.

கணினியின் வட்டு முழுவதையும் அழிக்கவா என்று அது கேட்ட இடத்தில் எழுந்து போய்விட்டேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். தவறாகப் போனால் செல்வியின் வீடியோ போகும். அதைத் தனி வட்டில் எடுத்து வைக்கலாம், ஆனால் அந்த வட்டுக்கு நீ பூட்டு போடவில்லை. பூட்டாத இடத்தில் ஒரு மணி நேரம்கூட அதை வைக்க எனக்கு மனமில்லை. கடைசியில் தனி வட்டிலேயே ஏற்றி, இடுப்பில் சேலைக்குள் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். ஆம் என்று அழுத்தினேன். பூட்டுக்கான கடவுச்சொல்லைக் கேட்டது. அதை எந்த நாளாகவும் யார் பெயராகவும் வைக்கவில்லை. மறந்தால் உலகத்தில் யாராலும் திறக்க முடியாது என்று எச்சரித்தது. முதல்முறையாக அந்த எச்சரிக்கை எனக்கு ஆறுதலாக இருந்தது. வைஃபை சட்டென்று வரவில்லை, போனிலிருந்து கம்பி வழியாக இணைத்தேன். தட்டச்சு விசைப்பலகையைக் கண்டுபிடிக்க மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. அது வந்து, முதல் சொல் பிழையில்லாமல் திரையில் விழுந்தபோது, வீடியோவை உள்ளே ஏற்றிவிட்டு, தனி வட்டில் இருந்ததை மீட்க முடியாதபடி அழித்தேன். அப்புறம்தான் சாப்பிட்டேன்.

இனி எனக்கு மட்டுமே திறக்கும் என்று செல்வியிடம் சொன்ன பிறகு செய்தி வந்தது. வீடியோவை வெளியிடவில்லை. அதிகாரிகளிடம் படங்களை மட்டும், எங்கே நின்று எடுத்தது என்று தெரியாதபடி வெட்டிக் காட்டிக் கேள்வி கேட்டேன். அவர்கள் கண்மாய்க்குப் போய் ஆழத்தை அளந்தார்கள், அனுமதியை நிறுத்தினார்கள். பொக்லைன் போய்விட்டது. அதற்குப் பிறகான நாட்கள்தான் மோசமானவை. எனக்கு ஒருவர் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் நல்ல ஆள் அனுப்புகிறேன் என்றார், நான் யாரையும் கேட்கவில்லை. இன்னொருவர் மாரியிடம் போய், என் கணினிக்குள் இன்னொரு தடவை போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். மாரி, "அக்கா மகன் ஏதோ மாத்திட்டான், பூந்து பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டு, கடையைப் பாதியில் மூடிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து சொன்னான். இப்போது அவன் ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கிறான், ஒவ்வொன்றுக்கும் என்னைத் திட்டிக்கொண்டே.

காளவாசல்காரர் செல்வியிடமே வந்து, "எவனோ டிரோன் விட்டு எடுத்துருக்கான்மா" என்று அலுத்துக்கொண்டாராம். "அப்படியாண்ணே? மேல சத்தம் ஒண்ணும் கேக்கலையே" என்று இவள் கேட்டாளாம். அதை என்னிடம் சொல்லும்போது முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். குழாய் உடையவில்லை. காய் அறுத்தாகிவிட்டது.

ஆகவே தம்பி, மற்றவர்கள் கேட்டதற்குப் பதில் டெபியன். எல்லோருக்கும் அதுவே நல்லது என்று சொல்லவில்லை. உனக்குப் பிடித்தது உன்னிடம் சிறப்பாகவே ஓடுகிறது. ஆனால் யார் எந்த இயங்குதளம் என்று என்னைக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவீர்கள், அவருக்கு எவ்வளவு திறந்து கொடுப்பீர்கள்? எனக்கு நின்றுபோனால் உன்னைத்தான் கூப்பிடுவேன். நான் திரையில் இருப்பதைப் படிப்பேன், நீ போனில் கேட்டுச் சொல்ல வேண்டும். நேரம் ஆகும். நீ பல்லைக் கடித்துக்கொள்வாய். பரவாயில்லை, அந்த நேரத்தில் உன் குரலையும் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் சொந்தக்காரர்கள் முன்னால், நீயும் நிவேதாவும் ஒருவர் போனில் மற்றவர் கைரேகையைப் பதிந்துகொண்டீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நீ உடனே விரலை வைத்துவிட்டாய். அவள் ஒரு கணம் யாரையோ தேடுவதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு வைத்தாள். அப்போது நான் எதுவும் நினைக்கவில்லை. செல்வியின் தோட்டத்திலிருந்து திரும்பும்போதுதான் அந்தக் கணம் நினைவுக்கு வந்தது. நிவேதாவிடம் ரகசியம் இருக்கிறது என்று சொல்லவில்லை. அவளை நம்பி யாராவது எதையாவது சொல்லியிருப்பார்கள், ஒரு தோழி, ஒரு தங்கை. அது உன்னிடம் சொல்லப்பட்டதல்ல. அவள் போனில் இருக்கும் உன் கைரேகையை நீயாகவே எடுத்துவிடு. ஏன் என்று அவள் கேட்டால் என் மேல் பழியைப் போடு.

போன வாரம் செல்வி வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஊர்க் கண்மாயிலும் பொக்லைன் இறங்கியிருக்கிறது, அவளுடைய அக்கா மகள் எடுத்த வீடியோ அவளிடம் இருந்தது. இந்த முறை போனில் அனுப்பவில்லை, போனையும் அதை இணைக்கும் கம்பியையும் எடுத்துக்கொண்டு நேரில் வந்தாள். மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தொறங்கக்கா" என்றாள். நான் விசைப்பலகையில் கையை வைத்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் கடவுச்சொல்லை அடித்து முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அன்புடன்,
அம்மா